பல்கீஸ் அக்காவுக்கு, கிராணி செய்த காரியம் பற்றி

தெலுக் இந்தானில் இருக்கும் என் மூத்த சகோதரி, பெருமதிப்புக்குரிய பல்கீஸ் அக்கா அவர்களுக்கு, ஈப்போ ஜெலப்பாங்கில் சாப்பாட்டுக் கடை நடத்தும் தம்பி ஷரபுதீன் தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கருணையால் இங்கே நானும், மகள் அஃப்சானாவும், கடையில் வேலை செய்யும் பதினோரு பேரும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். மனத்தளவில் எப்படி என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். தங்கள் சுகத்தையும் மச்சானின் முழங்கால் வலி குறைந்ததா என்பதையும் அறிய ஆவல். ஆனால் தாங்கள் செவ்வாய்க்கிழமை மாலையிலிருந்து என் அழைப்பை எடுப்பதில்லை. மச்சானும் எடுப்பதில்லை. ஒருமுறை எடுத்தார், பின்னால் தாங்கள் "வை, வை" என்று சொல்வது கேட்டது, வைத்துவிட்டார். அதனால்தான் இருபது வருஷத்துக்குப் பிறகு பேனாவைத் தொட்டிருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

தாங்கள் அனுப்பிய குரல் செய்தியை ஏழு தடவை கேட்டேன். "ஷரபு, பொம்பளப் புள்ளைய கல்லாவுலயே கட்டிப் போடலாம்னு முடிவு பண்ணிட்ட. வந்த சம்பந்தத்த வேணும்னே கெடுத்துட்ட. இனிமே எனக்கு தம்பின்னு யாரும் இல்ல." இவ்வளவுதான் செய்தி. அக்கா, நான் வேண்டுமென்று எதையும் கெடுக்கவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். படித்து முடித்த பிறகும் என்னைத் தம்பி இல்லை என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

அவள் தாயார் மவுத்தான பிறகு, இந்த இரண்டு வருஷமாகக் கடையின் மேல்மாடி வேலை முழுவதும் அஃப்சானா தலையில்தான் இருந்தது என்பது தங்களுக்குத் தெரியும். வெளி விருந்துகளுக்கு வரும் ஓடர், கோழி எத்தனை, முட்டை எத்தனை, யாருக்கு என்றைக்கு லீவு, நகராட்சியிலிருந்து வரும் கடிதம், எல்லாம் அவள்தான் பார்த்தாள். காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் மதியம்வரை தலை நிமிர மாட்டாள். இந்த வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்ததும் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "அத்தா, இனிமே எனக்கு ஒரு உதவியாளர் இருக்கு" என்று கணினியைக் காட்டினாள். ஏ.ஐ. என்கிறார்களே, அது. அதைக் கடையின் மின்னஞ்சலோடும், நாட்காட்டியோடும், கடை எண்ணுக்கு வரும் வாட்சாப்போடும் இணைத்துவிட்டாள். நாம் வாயால் சொன்னால் போதும். வருகிற கடிதத்தைப் படிக்கும், பதில் போடும், நாள் குறிக்கும், ஆட்களுக்கு நினைவூட்டும்.

நம் தேத்தண்ணி ஆற்றும் சீனிதான் அதற்குக் கிராணி என்று பெயர் வைத்தான். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் அவன். "தோட்டத்துல காலையில பேரு கூப்பிடுறதும் கிராணிதான், லீவு தர்றதும் கிராணிதான், தொரைக்கு கடிதாசி எழுதுறதும் கிராணிதான். இதும் அதான லா பொஸ்" என்றான். அன்றிலிருந்து கடையில் எல்லோரும் கிராணி என்றே சொல்கிறோம். உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் ஒரு மாதம் கிராணி நன்றாகத்தான் வேலை பார்த்தது. என்னைவிட மரியாதையாக எழுதியது. கோழிக்காரர் என்னிடம், "ஷரபு பாய், இப்பல்லாம் ரொம்ப அன்பா எழுதுறீங்க, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நான் லேசாக இருமிக் காட்டினேன்.

அப்புறம் சின்னதாக ஒரு காரியம் நடந்தது. அதிலேயே நான் விழித்திருக்க வேண்டும். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க நாள் குறித்துவை என்று கிராணியிடம் சொன்னேன். அது குறித்தது. குறித்ததோடு நிற்காமல், நாங்கள் வாரா வாரம் கூடிப் பேசும் சரக்குக்காரர்கள் அத்தனை பேருக்கும் அதை அழைப்பாக அனுப்பிவிட்டது. வியாழக்கிழமை பத்து மணிக்கு ஷரபுதீனின் பல் பிடுங்கல், தங்கள் வருகையை உறுதி செய்யவும் என்று. முட்டைக்காரர் உறுதி செய்தார். வந்தும் விட்டார். பல் மருத்துவர் வாசலில் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு உட்கார்ந்திருந்தார். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு நான் அவருக்கு என்ன விளக்கம் சொல்ல முடியும்? கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண் கலங்கிவிட்டது. பதினைந்து வருஷப் பழக்கத்தில் நான் அவரை ஒரு விசேஷத்துக்கு அழைத்தது அதுதான் முதல் தடவை என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் ரொட்டி போடுகிறவர் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. ஆள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தோம். பயோடேட்டாக்கள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றாகப் படிக்கப் பொறுமை இல்லாமல், நானே கிராணியிடம் வாயால் சொன்னேன். அஃப்சானா சொல்லவில்லை, நான்தான். "இந்தாப்பா, பயோடேட்டாவும் போட்டோவும் அனுப்புறவங்களுக்கு எல்லாம் மரியாதையா நன்றி சொல்லி, வேண்டிய விவரத்த கேட்டு வாங்கி, செவ்வாய்க்கெழம மூணு மணிக்கு வரச் சொல்லு." இவ்வளவுதான் நான் சொன்னது. இதில் தவறான வார்த்தை எதுவும் இருப்பதாக எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதே வாரத்தில்தான் தாங்கள், "நம்ம மீராசா வீட்டுப் புள்ள, மருந்துக்கடையில மருந்தாளரா இருக்கான், வெவரமெல்லாம் அவங்களே அனுப்புவாங்க, ஒன் நம்பர கொடுத்திருக்கேன்" என்று சொன்னீர்கள். குறை சொல்வதாக நினைக்கக் கூடாது. தாங்கள் கொடுத்தது கடை எண். பிள்ளையின் பெயர் அஸ்ஃபாக் என்றும் தாங்கள் சொல்லவில்லை. மீராசா வீட்டம்மா பயோடேட்டாவும் போட்டோவும் அனுப்பியதும், நான் பார்ப்பதற்கு முன்னாலேயே கிராணி திறந்து படித்து, பதிலும் போட்டுவிட்டது. அதனால் என் கைப்பேசியில் அது புதுச் செய்தி என்றே காட்டவில்லை. நான் சம்பந்தி வீட்டிலிருந்து விவரம் வரும், வரும் என்று உட்கார்ந்திருந்தேன்.

கிராணி எழுதியதையும் அந்தம்மா எழுதியதையும் பிறகு அஃப்சானா எனக்குப் படித்துக் காட்டினாள். அதை அப்படியே தங்களுக்கு எழுதுகிறேன். கிராணி: "தங்கள் விண்ணப்பத்துக்கு மனமார்ந்த நன்றி. உடல்நலச் சான்றும், தைபாய்டு ஊசி போட்ட அட்டையும் கொண்டு வரவும்." மீராசா வீட்டம்மா அதைப் பார்த்து வருத்தப்படவில்லை; நல்ல குடும்பம், கல்யாணத்துக்கு முன்னாலேயே உடம்பு விஷயத்தைக் கவனமாகக் கேட்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். அடுத்து கிராணி: "விண்ணப்பதாரருக்கு முன் அனுபவம் உண்டா?" அந்தம்மா: "அல்லாஹ் மேல ஆணையா எங்க புள்ளைக்கு அப்படி எதுவும் கெடையாது." கிராணி: "கவலை வேண்டாம். எங்களிடம் பயிற்சி அளிக்கப்படும்."

அக்கா, இதையெல்லாம் படித்த பிறகும் அவர்கள் வந்தார்கள் என்றால், தங்கள் வார்த்தைக்கு அவர்கள் கொடுத்த மரியாதைதான் காரணம்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணி. மதியக் கூட்டம் வடிந்து கடையில் நாலைந்து லோரிக்காரர்கள் மட்டும் இருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பையன் தனியாக உள்ளே வந்தான். முப்பது வயது இருக்கும். தாயாரும் தாய்மாமனும் கார் நிறுத்த இடம் தேடிப் போயிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? "அஸ்ஸலாமு அலைக்கும். மூணு மணிக்கு வரச் சொல்லியிருந்தாங்க, அஸ்ஃபாக்" என்றான். வேலைக்கு வருகிறவர்கள் என்று கிராணி எடுத்துக் கொடுத்த பட்டியலில் முதல் பெயர் அஸ்ஃபாக். நான் அவன் கையைப் பார்த்தேன். நகம் ஒட்ட வெட்டியிருந்தது. தைபாய்டு அட்டையை நான் கேட்பதற்கு முன்னாலேயே நீட்டினான். சாப்பாட்டுக் கடை வேலைக்கு அது கட்டாயம், ஆனால் இதற்கு முன்னால் வந்தவர்களில் ஒருவன்கூட அதைக் கொண்டு வந்ததில்லை. எனக்குப் பிடித்துப் போய்விட்டது.

"இதுக்கு முன்ன எங்க இருந்தே?"

"இப்பவும் பத்து காஜா டவுன்ல ஒரு மருந்தகத்துலதான் இருக்கேன் மாமா."

வேலை கேட்டு வந்த அன்றைக்கே மாமா முறை கொண்டாடுகிறானே என்று எனக்கு உறுத்தியது. "இங்க எல்லாரும் பொஸ்ஸுன்னுதான் கூப்புடுவாங்க" என்றேன். அவன் முகம் சிறுத்துப்போய், "சரி பொஸ்" என்றான்.

"அங்க இன்னும் விடலியா? ரெண்டு எடத்துல கால் வைக்கக் கூடாது தம்பி. இங்க வந்தா முழுசா இங்கதான்."

வீட்டோடு மாப்பிள்ளை கேட்கிறேன் என்று அவன் நினைத்திருக்கிறான். "அம்மாகிட்ட ஒரு வார்த்த கேக்கணும்" என்றான் மெதுவாக.

"கேளு. தங்குறதுக்கு மேல ரூம் இருக்கு. ஏற்கனவே மூணு பேர் இருக்காங்க, நீ நாலாவது. அனுசரிச்சுப் போயிடணும்."

அக்கா, அப்போது அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனாலும் எழுந்து ஓடவில்லை. கிளம்பும்போது தாயார், "அவங்க என்ன சொன்னாலும் தட்டாம செய்யி" என்று சொல்லி அனுப்பியிருந்தாராம். நான் ஏப்ரனைக் கொடுத்தேன். கட்டிக்கொண்டான். ரொட்டிக் கல்லைக் காட்டினேன். போய் நின்றான். முதல் மாவு உருண்டையை வீசியபோது அது தரையில் விழுந்தது. இரண்டாவது சீனியின் தோளில் விழுந்தது. சீனி அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பயப்படாத தம்பி, நான் ஆறு மாசம் தூணு மேலதான் வீசினேன்" என்றான்.

அந்த நேரத்தில்தான் அஃப்சானா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அவளுக்கு எதுவுமே தெரியாது. பெண் பார்க்க வருகிறார்கள் என்பது மட்டுமல்ல, தாங்களும் நானும் அப்படி ஒரு பேச்சு பேசினோம் என்பதே அவளுக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. புது ஆள் என்று நினைத்து, கல் பக்கத்தில் நின்று, "கையில எண்ண பத்தல. மாவ அடிக்காதீங்க, இழுத்து விடுங்க. மணிக்கட்ட இறுக்காதீங்க" என்று சொல்லிக் கொடுத்தாள். அவன், "மாத்திரை எண்ணி எண்ணி மணிக்கட்டு இப்படித்தான் ஆயிடுச்சு" என்றான். அவள் சிரித்தாள். அக்கா, இரண்டு வருஷத்தில் கடைக்குள் அவள் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். மூன்றாவது ரொட்டி காற்றில் விரிந்து கல்லில் சரியாக வந்து உட்கார்ந்தது. லோரிக்காரர் ஒருவர் கை தட்டினார்.

சரியாக அப்போது மீராசா வீட்டம்மாவும் அவர் தம்பியும் இரண்டு தட்டுப் பழத்தோடு உள்ளே நுழைந்தார்கள். நான் எழுந்து, "வாங்கம்மா, உக்காருங்க, என்ன சாப்புடுறீங்க?" என்று கேட்டேன். அந்தம்மா என்னைப் பார்க்கவில்லை. மாவு படிந்த தலையோடு கல் முன்னால் நிற்கும் பிள்ளையைப் பார்த்தார்.

"என் புள்ளைய என்னா பண்றீங்க?"

"ஒங்க மகனா? நல்ல பையன்மா. ரெண்டுதான் கீழ விழுந்துச்சு. மூணு மாசம் பாப்போம், சரியா வரலன்னா அனுப்பிடுவோம்."

தாய்மாமன்தான் பழத்தட்டை மேசையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "பாய், நாங்க பொண்ணு பாக்க வந்திருக்கோம். பல்கீஸ் அக்கா சொல்லி."

கல்லில் கிடந்த மூன்றாவது ரொட்டி கருகும் வாசம் வந்தது. யாரும் அதைத் திருப்பிப் போடவில்லை. நான் என்னென்னவோ சொன்னேன். கிராணி என்றேன், கணினி என்றேன், அந்தம்மாவுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. பிள்ளையிடம் கேட்டு, நான் அவனிடம் சொன்னதையெல்லாம் தெரிந்துகொண்டார். "பொண்ணு தர இஷ்டமில்லன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம். மூணு பேரோட ரூம்ல படுக்கச் சொல்லி அவமானப்படுத்த வேணாம்" என்று சொல்லிவிட்டுப் பழத்தட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு வெளியே போனார். அஸ்ஃபாக் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தான். கையைக் கழுவினான். எனக்கு சலாம் சொல்லிவிட்டுப் போனான். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இனி எழுதப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. அவர்கள் கார் கிளம்பிப் போனபோது, வெட்கத்துக்கும் முன்னால் என் மனத்தில் வந்தது வேறு ஒன்று. அப்பாடா, அஃப்சானா இங்கேயே இருப்பாள் என்று ஒரு மூச்சு வந்தது. ஒரு கணம்தான். ஆனால் வந்தது. அதனால்தான் தாங்கள் அனுப்பிய குரல் செய்தியை ஏழு தடவை கேட்டேன். தாங்கள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் ஒரு தடவை கேட்டுவிட்டுக் கோபப்பட்டிருப்பேன்.

அன்று மாலை மகளிடம், "அந்தக் கிராணிய இப்பவே தூக்கி எறி. எல்லாம் அது பண்ணின வேல" என்றேன்.

"அது தப்பு பண்ணல அத்தா. நீங்க சொன்னதத்தான் செஞ்சுச்சு" என்றாள். அப்புறம் நாட்காட்டியைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். "ஒங்க பல்லு புடுங்குறதுக்கு முட்டைக்காரருக்கு அழைப்பு போயிருக்கு. செவ்வாய்க்கெழம வர்றதுக்கு அஸ்ஃபாக்குக்கு அழைப்பு போயிருக்கு. என்னப் பாக்க வர்றாங்கன்னு எனக்கு மட்டும் யாரும் சொல்லல. கிராணிக்குச் சொல்லத் தெரியல, சரி. ஒங்களுக்கு?"

அவள் மின்னஞ்சலைத் தனியாக, நாட்காட்டியைத் தனியாக, வாட்சாப்பைத் தனியாக, மூன்றிலிருந்தும் கிராணியைப் பிரித்துவிட்டு, கணினியை மூடிவிட்டு, அஸருக்குத் தொழப் போனாள். மூன்று நாளாக மறுபடியும் ஆறு மணிக்கு உட்காருகிறாள். என்னோடு தேவைக்குத்தான் பேசுகிறாள்.

ஆகவே, அக்கா அவர்கள் அறிய வேண்டியது: மீராசா வீட்டுச் சம்பந்தம் முடிந்துபோன விஷயம். அவர்கள் இனி நம் வாசல் மிதிக்க மாட்டார்கள். மிதிக்கச் சொல்லிக் கேட்கும் முகமும் எனக்கு இல்லை. அஃப்சானாவின் கல்யாணப் பேச்சை அவளாக எடுக்கும்வரை நான் எடுப்பதில்லை. தாங்களும் எடுக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கிராணியின் கதையும் முடிந்தது. அடுத்த வாரம் நானே தெலுக் இந்தான் வந்து, தங்களிடமும் அந்தம்மாவிடமும் நேரில் மன்னிப்புக் கேட்பேன். அதுவரை அவர்களைப் பார்த்தால் என் சார்பில் எதுவும் பேச வேண்டாம்.

மச்சானுக்கு என் சலாம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் துஆ. தங்கள் வீட்டில் பரக்கத்தும், தங்கள் மனத்தில் இந்தத் தம்பிக்கு ஒரு மூலையும் இருக்க இறைவனை வேண்டி முடிக்கிறேன்.

தங்கள் தம்பி,
ஷரபுதீன்
வெள்ளிக்கிழமை, ஜெலப்பாங், ஈப்போ

பின்குறிப்பு: இது சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு எழுதுவது. மேலே முடிந்தது, முடிந்தது என்று எழுதியதை எல்லாம் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். ஏழு மணிக்குக் கடை வாசலில் அஸ்ஃபாக் நின்றான். கையில் ஒரு கடிதம். செவ்வாய்க்கிழமை மூன்றே முக்காலுக்கு, அஃப்சானா இணைப்பைத் துண்டிப்பதற்கு முன்னால், கிராணி அவனுக்கு வேலை நியமனக் கடிதம் அனுப்பியிருக்கிறது. மூன்று மாசம் பார்ப்போம் என்று நான் கடை நடுவில் சொன்னேன் அல்லவா, அதை யாரோ கணினியில் பதிந்திருக்கிறார்கள். சீனி கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கீழே கையெழுத்து என்னுடையது. அஸ்ஃபாக், "சனி ஞாயிறு எனக்கு மருந்தகத்துல லீவு பொஸ், அந்த ரெண்டு நாளு மட்டும் வாரேன், போலேவா, சரிப்படுமா?" என்று கேட்டான். இது சரிப்படாது தம்பி என்று நான் வாயெடுப்பதற்குள் அஃப்சானா கடிதத்தை வாங்கி முழுதும் படித்தாள். "எழுத்துல கொடுத்தாச்சு அத்தா. மாத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவனைக் கல்லுக்கு அழைத்துக்கொண்டு போனாள். முடிவை அவள் எடுத்தாள். என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. இது கல்யாணமா, ரொட்டியா என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கும் தெரியாது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் பிள்ளையைத் தேடிக்கொண்டு மீராசா வீட்டம்மாவும் இப்போது வந்து உட்கார்ந்திருக்கிறார். தேத்தண்ணி குடிக்கிறார், என்னோடு பேச மாட்டேன் என்கிறார். "ஒங்க பக்கத்துல பேசத் தெரிஞ்ச பெரியவங்க யாராவது இருக்காங்களா?" என்று சீனியிடம் கேட்டு அனுப்பினார். நான் தங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். தபாலில் போட்டால் நாளாகும் என்று சீனியின் சித்தப்பா மகன் லோரியில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அவன் தங்கள் வாசலில் காத்திருப்பான். பதில் எழுத வேண்டாம் அக்கா. பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கிறது, ஏறி வந்துவிடுங்கள்.